நடுநிலைப் பள்ளிக்குப் புதிதாகப் போகும் கணக்கு ஆசிரியருக்கு

கேள்வி கேட்டவர் பி.எஸ்சி. கணிதமும் பி.எட்.டும் முடித்தவர். டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள், ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு இரண்டையும் தாண்டி ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராகச் சேரப் போகிறார். "6, 7, 8 மூன்று வகுப்புக்கும் கணக்கு, அறிவியல் இரண்டையும் நானே எடுக்க வேண்டுமாம். எதில் தொடங்குவது? பதிவேட்டு வேலை உண்மையிலேயே அவ்வளவு இருக்குமா? அடிக்காமல் வகுப்பை நடத்த முடியுமா?" என்பது அவர் கேள்வி.

முதலில் இரண்டு பாட விஷயம். உங்களுக்கு மட்டும் கூடுதல் சுமை என்று நினைக்க வேண்டாம். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே 6 முதல் 8 வரை கணக்குக்கும் அறிவியலுக்கும் சேர்த்து ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிகளுக்கு ஒருவர் என்றுதான் குறைந்தபட்ச ஏற்பாட்டைச் சொல்கிறது. 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதமும் அதில்தான் இருக்கிறது. கிராமத்து நடுநிலைப் பள்ளிகளில் 6, 7, 8 மூன்றும் சேர்ந்தே நூறு பேரைத் தாண்டுவது அரிது. ஆகவே மூன்று பட்டதாரி ஆசிரியர்கள் ஐந்து பாடங்களைப் பிரித்துக்கொள்வார்கள். இரண்டு பாடம், மூன்று வகுப்பு என்றால் வாரத்துக்கு 30 பாடவேளைக்குக் குறையாது. தினமும் ஆறு விதமான பாடத்துக்குத் தயாராக வேண்டும். இதை மனதில் வைத்தே மற்ற எல்லாவற்றையும் திட்டமிடுங்கள்.

பட்டப்படிப்பு முடித்தவருக்கு 8-ஆம் வகுப்புக் கணக்கு கடினமே இல்லை. கடினமானது 6-ஆம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் 30 பேரில் யார் எந்த இடத்தில் நின்றுபோயிருக்கிறார் என்று கண்டுபிடிப்பது. அது தெரியாமல் நடத்தும் பாடம் முன்வரிசையில் ஐந்தாறு பேருக்குப் போய்ச் சேரும். மற்றவர்கள் கரும்பலகையைப் பார்த்து அழகாக எழுதிக்கொள்வார்கள். நோட்டு நிறைந்திருக்கும், திருத்தும்போது எல்லாம் சரியாகவே இருக்கும், பரீட்சைத் தாள் வந்த பிறகுதான் உண்மை தெரியும். அதற்குள் ஒரு பருவம் போய்விடும். முதல் மூன்று வாரத்தை இதற்கென்றே ஒதுக்குங்கள். "பாடம் பின்தங்கிவிடும்" என்று யாராவது சொன்னால், தலைமை ஆசிரியரிடம் சோதனைத் தாள்களைக் காட்டிப் பேசுங்கள். தாளைப் பார்த்த பிறகு பெரும்பாலான தலைமை ஆசிரியர்கள் மறுக்க மாட்டார்கள்.

சேர்ந்த வாரத்திலேயே இரண்டு சோதனை வையுங்கள். மதிப்பெண் கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் பக்கத்துத் தாளைப் பார்த்துச் சரியாக எழுதிவிடுவார்கள். உங்களுக்கு வேண்டியது தவறுகள்தான்.

முதல் சோதனை தமிழ் வாசிப்பு. கணக்கு ஆசிரியருக்கு இது எதற்கு என்று தோன்றலாம். வாக்கியக் கணக்கில் தோற்கும் பிள்ளைகளில் ஒரு பகுதிக்குக் கணக்கு வராமல் இல்லை. கேள்வியைப் படிக்கத்தான் வரவில்லை. 3-ஆம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலிருந்து 50 சொல் அளவுக்கு உரைநடைப் பத்தி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டு வேண்டாம், அது மனப்பாடமாக இருக்கும். ஒவ்வொருவராக வராந்தாவுக்கு அழைத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால் 30 பேருக்கு ஒரு மணி நேரம் போதும். சரளமாக வாசிப்பவர், சொல் சொல்லாக வாசிப்பவர், எழுத்துக் கூட்டுபவர், எழுத்தே தடுமாறுபவர் என்று நான்காகக் குறித்துக்கொள்ளுங்கள். வகுப்பு நடுவே எழுப்பி நிறுத்தி மட்டும் இதைச் செய்யக் கூடாது. எழுத்துக் கூட்டும் 12 வயதுப் பிள்ளை முப்பது பேர் முன்னால் ஒருமுறை தலைகுனிந்தால் அந்த ஆண்டு முழுக்க உங்கள் வகுப்பில் வாய் திறக்காது.

இரண்டாவது சோதனை கணக்கு. பத்துக் கேள்வி, 40 நிமிடம், படிகளை அழிக்கக் கூடாது என்ற ஒரே நிபந்தனை. எதைக் கேட்கிறோம் என்பதைவிட, தவறான விடை எதைச் சொல்கிறது என்று உங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். சிலவற்றைச் சொல்கிறேன்.

"நாலாயிரத்து ஏழு என்பதை எண்ணால் எழுது." 40007 என்று வந்தால் காதில் கேட்டதை அப்படியே எழுதுகிறது, இடமதிப்பு உருவாகவில்லை. 407 என்று வந்தால் பூஜ்யம் இடத்தைக் காக்கிறது என்பது புரியவில்லை.

402-லிருந்து 178-ஐக் கழி. சரியான விடை 224. ஆனால் 376 என்று எழுதும் பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கும். 2-லிருந்து 8 போகாது, ஆகவே 8-லிருந்து 2 போனால் 6. 7-லிருந்து 0 போனால் 7. 4-லிருந்து 1 போனால் 3. எந்த இலக்கம் மேலே இருந்தாலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கிறது அது. 234 என்று எழுதும் பிள்ளையின் நிலை வேறு. அதற்குக் கடன் வாங்கத் தெரியும். பூஜ்யத்தைத் தாண்டி நூறிலிருந்து வாங்கும்போது பத்தாம் இடத்தில் 9 மிஞ்ச வேண்டியதை மறந்து 10-ஆகவே வைத்துக்கொண்டது. இந்த இரண்டு பேருக்கும் சிவப்பு மையில் ஒரே மாதிரி தவறுக்குறி போட்டுவிட்டு, "கழித்தல் தெரியவில்லை" என்று எழுதுவதால் பயன் எதுவும் இல்லை. முதல் பிள்ளைக்கு நாலு நாள் வேலை, இரண்டாவதற்குப் பத்து நிமிடம்.

36 பெருக்கல் 24-க்கு 864 வர வேண்டும். 216 வந்தால், இரண்டாம் வரியை ஓரிடம் தள்ளி எழுதாமல் 144-ஐயும் 72-ஐயும் அப்படியே கூட்டியிருக்கிறது. 618-ஐ 6-ஆல் வகுக்க 13 வந்தால், நடுவில் பூஜ்யம் போடாமல் விட்டிருக்கிறது. விடையை 6-ஆல் பெருக்கிச் சரிபார்க்கும் பழக்கமும் இல்லை. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதினால், மேலே இருப்பதும் கீழே இருப்பதும் தனித்தனி எண்கள் என்று நினைக்கிறது. ஐந்தில் இரண்டு அரையைவிடச் சிறியது, அரையோடு இன்னொரு பின்னத்தைக் கூட்டினால் எப்படிக் குறையும் என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்வியில் முகம் மாறும் பிள்ளைக்குப் பின்னம் சீக்கிரம் வந்துவிடும். 0.4 பெரியதா 0.35 பெரியதா என்றால் "35 பெரியது சார்" என்று 8-ஆம் வகுப்பிலும் சொல்வார்கள். 3 மீட்டர் 5 சென்டிமீட்டர் எத்தனை சென்டிமீட்டர் என்பதற்கு 35, 350 இரண்டும் வரும். 8-ஆம் வகுப்புக்கு மட்டும் மைனஸ் 3-லிருந்து 5-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 8 என்று வந்தால் "மைனஸும் மைனஸும் பிளஸ்" என்று பெருக்கலுக்குச் சொன்னதை எல்லா இடத்திலும் போடுகிறது. அந்த வாசகத்தைச் சூத்திரமாகச் சொல்லித் தருவதையே நான் எதிர்ப்பேன்; எண்கோட்டில் இடப்பக்கம் நகர்த்திக் காட்டினால் இந்தத் தவறு வராது.

சோதனை முடிந்ததும் ஒரே ஒரு தாளில் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் பெயர்கள், மேலே பத்துக் கேள்விகள், ஒவ்வொரு கட்டத்திலும் சரி என்றால் புள்ளி, தவறு என்றால் அவர்கள் எழுதிய விடை. இந்த ஒரு தாள் உங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஆண்டு முழுக்க இருக்கட்டும். பாடக்குறிப்பேட்டைவிட அதிகமாகப் பயன்படுவது இதுதான்.

376 எழுதிய பிள்ளைகளுக்கு என்ன செய்வது? காகிதப் பணம். பழைய காலண்டர் அட்டையில் இரண்டு பேருக்கு ஒரு செட் வீதம் ஐந்து நூறு, இருபது பத்து, இருபது ஒன்று என்று வெட்டிக்கொள்ளுங்கள். மூன்றும் மூன்று நிறத்தில் இருந்தால் நல்லது. ஒருவரிடம் நாலு நூறும் இரண்டு ஒன்றும் கொடுத்து, "இவனுக்கு 178 ரூபாய் கொடு" என்று சொல்லுங்கள். 8 ஒற்றை ரூபாய் இல்லை. பத்து ரூபாயும் இல்லை. வேறு வழியின்றி ஒரு நூறைப் பத்துப் பத்தாக மாற்றும், அதில் ஒரு பத்தை ஒற்றையாக மாற்றும். அப்போது கையில் மூன்று நூறு, ஒன்பது பத்து, பன்னிரண்டு ஒன்று இருக்கும். அந்த இடத்தில் நிறுத்தி, அதையே நோட்டில் 4-க்கு மேல் 3, 0-க்கு மேல் 9, 2-க்கு மேல் 12 என்று எழுத வையுங்கள். பணமும் எழுத்தும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். பலர் முதல் நாள் முழுக்கப் பணத்தை வைத்து விளையாட விட்டு, மறுநாள் நோட்டுக் கணக்குக்குத் தாவிவிடுகிறார்கள்; இரண்டுக்கும் தொடர்பு விழாமல் போய்விடுகிறது. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், நாலு நாள். ஐந்தாம் நாள் பணம் இல்லாமல் இரண்டு கணக்கு. 0.4-க்கும் 0.35-க்கும் இதே போல வரைபடத் தாளில் நூறு கட்டம் கொண்ட சதுரம் இரண்டு வெட்டி, ஒன்றில் 40 கட்டமும் மற்றதில் 35 கட்டமும் வண்ணமடிக்க வையுங்கள். அடுத்து 0.4-ஐ 0.40 என்று எழுதச் சொல்லுங்கள். வரிசையை மாற்றி முதலில் பூஜ்யம் சேர்க்கச் சொன்னால் அதுவும் இன்னொரு மந்திரமாகிவிடும்.

இதையெல்லாம் எந்த நேரத்தில் செய்வது என்பது நியாயமான கேள்வி. தனியாக நேரம் கிடைக்காது, பாடவேளைக்குள்ளேயே எடுக்க வேண்டும். 40 நிமிடத்தில் முதல் ஐந்து நிமிடம் கரும்பலகையில் மூன்று சிறு கணக்கு, நேற்றைய பாடத்திலிருந்து இரண்டு, பழைய அடிப்படையிலிருந்து ஒன்று. அடுத்த 12 நிமிடம் அன்றைய புதுப் பாடம் எல்லோருக்கும். பிறகு 15 நிமிடம் வகுப்பு எழுத்து வேலையில் இருக்க, நீங்கள் பின்தங்கிய ஆறேழு பேரோடு ஒரு மூலையில் உட்காருகிறீர்கள். கடைசி எட்டு நிமிடம் விடை சரிபார்ப்பு, வீட்டுக் கணக்கு.

இதில் கெட்டுப்போகும் இடம் அந்த 15 நிமிடம்தான். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் நாலே நிமிடத்தில் முடித்துவிட்டுச் "சார், முடிச்சாச்சு" என்று வந்து நிற்பார்கள். அத்தோடு உங்கள் மூலை வேலை கலைந்துவிடும். ஆகவே எழுத்து வேலையை மூன்று அடுக்காகக் கொடுங்கள்: புத்தகப் பயிற்சியிலிருந்து நாலு, பிறகு ஒரு வாக்கியக் கணக்கு, அதுவும் முடித்தவர்கள் இதே மாதிரி இரண்டு கணக்கைத் தாங்களே உருவாக்கிப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்க வேண்டும். கணக்கு உருவாக்கச் சொன்னால் எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளைக்கும் பத்து நிமிடம் பிடிக்கும். பின்தங்கிய குழுவை நிரந்தரமாக ஒரே பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள். கழித்தலுக்கு ஒரு குழு, பின்னத்துக்கு வேறு குழு என்று ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தால், "நாங்க மக்கு பெஞ்சு" என்ற எண்ணம் யாருக்கும் உறைந்துபோகாது.

2025-26 கல்வியாண்டில் 6 முதல் 9 வரை அரசுப் பள்ளிகளில் தொடங்கிய திறன் இயக்கம் தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றிலும் இதே அடிப்படை இடைவெளியை நிரப்பத்தான் வந்தது. அதற்கான பயிற்சி நூல் உங்கள் பள்ளியில் இருந்தால் கண்டிப்பாகப் பயன்படுத்துங்கள். ஆனால் அந்த இயக்கத்தின் பட்டியல் "யார் பின்தங்கியவர்" என்றுதான் சொல்லும். எந்தப் படியில் வழுக்குகிறார் என்பதை உங்கள் கட்டத்தாள்தான் சொல்லும்.

பாடத்திட்ட வரிசையைப் பற்றி ஒரு சொல். இப்போதுள்ள 6-ஆம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் விகிதமும் விகிதசமமும் முதல் பருவத்திலேயே வருகின்றன, பின்னம் மூன்றாம் பருவத்தில்தான் விரிவாக வருகிறது. பின்னம் தெரியாத பிள்ளைக்கு விகிதம் வெறும் புள்ளி வைத்த எண்ணாகவே தெரியும். ஆகவே விகிதத்துக்கு முந்தின வாரத்தில் சமான பின்னங்களை மூன்று பாடவேளைக்கு எடுத்துவிடுங்கள். மூன்றாம் பருவத்தில் அந்த நேரம் உங்களுக்குத் திரும்பக் கிடைத்துவிடும்.

அறிவியலுக்கு வருகிறேன். கணக்கு படித்து வந்தவர்கள் அறிவியலை வாசித்துக் காட்டி ஒப்பேற்றிவிடுவது உண்டு. அப்படிச் செய்யாதீர்கள். வாரத்துக்கு ஒரு சோதனையாவது கையால் நடக்கட்டும். 6 முதல் 8 வரைக்கான வானவில் மன்றம் என்ற அரசுத் திட்டம் 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கப்பட்டதிலிருந்து, கருத்தாளர்கள் பள்ளிக்கே வந்து எளிய சோதனைகள் செய்துகாட்டுகிறார்கள். அவர்கள் வரும் நாளில் ஓய்வறைக்குப் போய்விடாமல் கூடவே நின்று கற்றுக்கொள்ளுங்கள்.

அமிலம், காரம் பாடத்துக்குச் சமையலறைப் பொருளே போதும். அரை டம்ளர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி மஞ்சள்தூளைக் குழைத்து, வடிதாள் அல்லது தடித்த வெள்ளைத் தாளை நனைத்து நிழலில் காயவைத்து, விரல் அகலத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். சோப்புத் தண்ணீரும் சமையல் சோடாக் கரைசலும் பட்டால் செம்பழுப்பாகும். இங்கே ஒரு சிக்கல் வரும்: எலுமிச்சைச் சாறு விட்டால் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும், தண்ணீர் விட்டாலும் அப்படியே. பிள்ளைகள் எலுமிச்சையும் தண்ணீரும் ஒன்று என்று எழுதிவிடுவார்கள். ஆகவே சோப்பில் சிவந்த தாளின் மேல் எலுமிச்சைச் சாற்றை விடச் சொல்லுங்கள், மறுபடி மஞ்சளாகும். தண்ணீர் விட்டால் ஆகாது. கூடவே செம்பருத்திப் பூவை வெந்நீரில் ஊறவைத்த சாறும் இருந்தால் அமிலத்தில் அடர்ந்த இளஞ்சிவப்பு, காரத்தில் பச்சை என்று இரண்டு பக்கமும் தெரிந்துவிடும். ஆய்வகப் பெட்டியில் ஹைட்ரோகுளோரிக் அமிலக் குப்பி இருந்தால் அதைப் பூட்டியே வையுங்கள். முப்பது பேர் நெருக்கி நிற்கும் வகுப்பறையில் அதற்கு வேலை இல்லை.

மதிப்பெண் முறை எளிது. வளரறி மதிப்பீடு (அ) செயல்பாடுகளுக்கு 20, (ஆ) சிறு தேர்வுகளுக்கு 20, தொகுத்தறி எனும் பருவத் தேர்வுக்கு 60. செயல்பாட்டுக்குச் சார்ட் பேப்பரில் படம் ஒட்டி வரச் சொல்வது வழக்கமாகிவிட்டது; அதைச் செய்வது பெரும்பாலும் அக்காவோ பக்கத்துத் தெருக் கடையோதான். வகுப்பிலேயே முடியும் வேலையைக் கொடுங்கள்: பள்ளி வளாகத்தின் சுற்றளவை அளந்து வருதல், ஒரு வாரம் வகுப்புக்கு வராதவர்களின் எண்ணிக்கையைப் பட்டை வரைபடமாக்குதல். காசும் ஆகாது, பிள்ளையே செய்தது என்பதும் உறுதி.

நோட்டுத் திருத்தத்தில்தான் புதியவர்கள் களைத்துப்போகிறார்கள். 90 பிள்ளை, இரண்டு பாடம், 180 நோட்டு. ஒரு நோட்டுக்கு ஒரு நிமிடம் என்றாலே மூன்று மணி நேரம். திங்கள் 6, புதன் 7, வெள்ளி 8 என்று நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள். எல்லாக் கணக்குக்கும் குறி போடுவதைவிட, அன்றைய ஒரு கணக்கை மட்டும் படிப்படியாகப் பார்த்து, தவறின படியை வட்டமிட்டு விடுங்கள். சரி செய்வது பிள்ளையின் வேலை. மற்றவற்றைக் கரும்பலகை விடையைப் பார்த்து அவர்களே சரிபார்க்கட்டும். அடுத்த வாரம் அந்த வட்டத்தைத் திறந்து பாருங்கள், திருத்தவில்லை என்றால் அங்கேயே உட்கார வைத்துத் திருத்த வையுங்கள். இந்தத் திரும்பிப் பார்த்தல் இல்லாத திருத்தம் அதிகாரி பார்வைக்கு மட்டும்தான்.

இனி வகுப்பை நடத்துவது. அடி கூடாது என்பது கருத்து அல்ல, சட்டம். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. முட்டி போட வைப்பது, வெயிலில் நிறுத்துவது, பட்டப்பெயர் வைத்து அழைப்பது எல்லாம் அதில் அடங்கும். 11 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு ஆசிரியரின் கோபத்தைவிடக் கூட்டாளிகளின் சிரிப்புதான் பெரிது. பத்துப் பேர் பார்க்க எதிர்த்துப் பேசும் பையன், வகுப்பு முடிந்து தனியாக நிறுத்திப் பேசினால் பெரும்பாலும் வேறு ஆளாக இருப்பான். சத்தம் வரும்போது குரலை உயர்த்தாமல், பேசுவதை நிறுத்திவிட்டு அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் நின்று பாடத்தைத் தொடருங்கள். தப்புக்கு என்ன விளைவு என்று முதல் வாரமே சொல்லிவிடுங்கள், சொன்னதை மட்டும் செய்யுங்கள். "அப்பாவைக் கூட்டிட்டு வந்தாத்தான் உள்ளே" என்பது கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு ஒரு நாள் சம்பளம். பிள்ளை வீட்டில் சொல்லாமல், பள்ளிக்கும் வராமல் நின்றுவிடும். ஒழுங்குப் பிரச்சினை இடைநிற்றலாக மாறிவிடும். ஃபோனில் பேசுங்கள், அதுவும் முதல் ஃபோன் நல்ல சேதி சொல்வதாக இருக்கட்டும்.

சாதி விஷயத்தில் மிகக் கவனம் வேண்டும். உதவித்தொகைப் பட்டியல் எடுக்கும்போது "எஸ்.சி. எல்லாம் எழுந்திரு" என்று வகுப்பில் கேட்பது இன்னும் நடக்கிறது. ஒருபோதும் செய்யாதீர்கள். விவரம் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸில் இருக்கிறது. இல்லாததைப் பெற்றோரிடம் தனியாகக் கேளுங்கள். நீதிபதி கே. சந்துரு தலைமையிலான ஒரு நபர் குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை பள்ளிகளில் சாதி அடையாளங்கள் புழங்குவதைப் பற்றி விரிவாகப் பேசியது; கையில் கட்டும் வண்ணக் கயிறுகளும் அதில் உண்டு. உட்காரும் இடத்தை மாதம் ஒருமுறை நீங்களே மாற்றி அமையுங்கள். பிள்ளைகளிடம் விட்டால் தெரு வாரியாக உட்காருவார்கள். குடிநீர் எடுப்பது, வகுப்பறை கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் விடுவது எல்லாம் வரிசை எண்ணின்படி சுழலட்டும்.

பாலியல் தொல்லை பற்றி ஒரு பிள்ளை உங்களிடம் சொன்னால், துருவித் துருவிக் கேட்காமல், சொன்ன சொற்களை அப்படியே எழுதிவைத்துக்கொண்டு புகார் செய்ய வேண்டியது உங்கள் கடமை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தில் தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். "ஊருக்குள்ள பேசித் தீர்த்துக்கலாம்" என்று யார் வந்தாலும் கேட்காதீர்கள். 1098 குழந்தைகளுக்கான உதவி எண், 14417 கல்வித் துறையின் எண். இரண்டையும் எல்லா வகுப்பறைச் சுவரிலும் எழுதி வையுங்கள்.

பசி பற்றியும் சொல்ல வேண்டும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 1 முதல் 5 வரைதான். உங்கள் பள்ளியிலேயே போன ஆண்டுவரை காலையில் சாப்பிட்ட பிள்ளை, ஜூனில் 6-க்கு வந்ததும் வெறும் வயிற்றோடு உட்காரும். தம்பி தங்கை பக்கத்துக் கட்டடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். பதினொரு மணிக்கு மேல் கவனம் சரிந்தால் அதைச் சோம்பேறித்தனம் என்று எழுதிவிடாதீர்கள். கணக்கை முதல் இரண்டு பாடவேளைக்குள் கேட்டு வாங்குங்கள். வாரம் ஒருமுறை கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைச் சத்துணவுக்குப் பிறகே கொடுங்கள்; வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டி, அடுத்த வாரத்திலிருந்து கழிவறையில் எறிந்துவிடுவார்கள்.

பதிவேட்டு வேலை உண்மையிலேயே அதிகம். செயலியில் வருகைப் பதிவு, பாடநூல், நோட்டு, சீருடை, காலணி, புத்தகப்பை வழங்கிய விவரம், மதிப்பெண் ஏற்றம், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், குறுவள மையப் பயிற்சி என்று வந்துகொண்டே இருக்கும். கற்பித்தல் நேரத்தைக் காக்க ஒரே வழி நேரத்தைக் கட்டிவைப்பது. வருகையைக் காலை வணக்கக் கூட்டம் முடிந்த பத்து நிமிடத்தில் போட்டுவிடுங்கள். சிக்னல் இல்லாத ஊராக இருந்தால் தாளில் எடுத்துவிட்டு, சிக்னல் கிடைக்கும் இடத்துக்குப் பாடவேளை நடுவில் ஓடாதீர்கள். மற்றதையெல்லாம் மாலை கடைசி அரைமணியில் ஒரே மூச்சில் முடியுங்கள். பொருள் வழங்கும் நாளிலேயே கையெழுத்து வாங்கிவிட வேண்டும். "அப்புறம் வாங்கிக்கலாம்" என்று விட்ட கையெழுத்துதான் தணிக்கை சமயத்தில் தொல்லையாகும். பாடக்குறிப்பைத் தினம் எழுதாமல், அலகு வாரியாக வாரம் ஒரு பக்கத்தில், என்ன தவறு வரும், அதற்கு என்ன கேள்வி கேட்பேன் என்று எழுதினால் அடுத்த ஆண்டும் உதவும்.

8-ஆம் வகுப்பு எடுப்பதால், மத்திய அரசின் கல்வி உதவித்தொகைக்கான என்.எம்.எம்.எஸ். தேர்வு உங்கள் பொறுப்பாகும். தேர்வாகும் பிள்ளைக்கு 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்கு ஆண்டில் 48,000. பெற்றோர் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 7-ஆம் வகுப்பில் 55 சதவீதம், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 50 சதவீதம் வேண்டும். மனத்திறன் தேர்வில் 90 கேள்வி, படிப்பறிவுத் தேர்வில் 90 கேள்வி, இரண்டுக்கும் தலா 90 நிமிடம். கேள்விக்கு ஒரு நிமிடம் என்பதால் வேகம்தான் பிரச்சினை. 7-ஆம் வகுப்பு முடியும்போதே வாரம் இரண்டு நாள் மாலை 20 மனத்திறன் கேள்விகள் என்று தொடங்குங்கள். எண் தொடர், குறியீட்டு மாற்றம், கடிகாரம், நாள்காட்டி ஆகிய நான்கு வகையும் பழக்கத்தில் வந்துவிடும். ஓ.எம்.ஆர். தாளை நகல் எடுத்து வட்டம் நிரப்பப் பழக்குங்கள். ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டு அடுத்த விடையை முந்தின வட்டத்தில் நிரப்பி, அதிலிருந்து கடைசிவரை எல்லாம் தப்பாகும் பிள்ளைகள் உண்டு. ஐந்து கேள்விக்கு ஒருமுறை எண்ணைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். தேர்வான பிறகும் வேலை முடிவதில்லை. ஆதாரில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் இனிஷியல் மாறிய பெயர் என்றால் பணம் வராது. ஆண்டுதோறும் இணையதளத்தில் புதுப்பிக்கவும் வேண்டும். இதை உயர்நிலைப் பள்ளி பார்த்துக்கொள்ளும் என்று விடாமல், பிள்ளையிடமும் பெற்றோரிடமும் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

பெயர், பிறந்த தேதி விஷயத்தில் நடுநிலைப் பள்ளியில் நடக்கும் சிறு பிழை பிள்ளையைப் பல வருடம் துரத்தும். இங்கே சேர்க்கைப் பதிவேட்டில் இருப்பதுதான் எமிஸில் ஏறுகிறது, அதுவே மாற்றுச் சான்றிதழில் வருகிறது, அதுவே 10-ஆம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் அச்சாகிறது. அச்சான பிறகு திருத்த அலைச்சல் அதிகம். மேலும் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கும், கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் 6-ஆம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளிப் படிப்பின் சான்று கேட்பார்கள். அதற்கான தொடக்கப் பதிவு உங்கள் கையில்தான் இருக்கிறது. 8-ஆம் வகுப்பு ஜனவரியிலேயே ஒவ்வொரு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், எமிஸ் பதிவு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தமிழ், ஆங்கில எழுத்துக்கூட்டல், இனிஷியல், பிறந்த தேதி நான்கையும் சரிபாருங்கள். மாறுபாடு இருந்தால் பெற்றோரை வரவழைத்து, ஆதாரத்தோடு தலைமை ஆசிரியர் மூலம் அப்போதே திருத்துங்கள். மே மாதம் மாற்றுச் சான்றிதழ் கொடுத்த கையோடு எமிஸில் பிள்ளையின் பெயரை, பள்ளி மாறுபவர்களுக்கான பொதுத் தொகுப்புக்கும் மாற்றிவிட வேண்டும். அதைச் செய்யாவிட்டால் அடுத்த பள்ளி அந்தப் பிள்ளையைச் சேர்க்க முடியாமல் காத்திருக்கும். ஜூன் இரண்டாவது வாரம் உங்கள் 8-ஆம் வகுப்புப் பட்டியலை எடுத்து, யார் யார் 9-இல் சேர்ந்துவிட்டார்கள் என்று ஒவ்வொரு பெயராகப் பாருங்கள். எந்தப் பள்ளியிலும் இல்லாத பெயர் இருந்தால், குறிப்பாகப் பெண் பிள்ளையாக இருந்தால், அன்று மாலையே வீட்டுக்குப் போய்க் கேளுங்கள்.